கிப்லா ஊசியும் வானத்துக் காந்தப்புயலும்

2024 மே 10, 11ஆம் திகதிகளில் பூமியைப் பெரும் காந்தப்புயலொன்று தாக்கியது. லடாக்கின் ஹன்லேயில்கூட இரவு வானம் சிவந்தது. அடுத்த வாரம், தம்புள்ளையில் என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: “சேர், வானத்துல புயலடிச்சா கிப்லா ஊசியும் மாறுமா? உம்மும்மா ரெண்டு நாளாப் பயந்துக்கிட்டு ஈக்கிறா.” யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி, சிறு திசைகாட்டியை நம்பி அறைக்குள் தொழும் அந்த மூதாட்டியைக் கலக்கிவிட்டது.

நான் தமிழ் படித்தவன். உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டும் வாசித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

சூரியனிலிருந்து மின்னேற்றமுள்ள துகள்கள் ஓயாமல் வீசுகின்றன. சில வேளை சூரியன், காந்தப்புலத்தையும் சுமந்த பெரும் முகிலொன்றை எறிகிறது. அந்தப் புலம் தெற்கு நோக்கியிருந்தால், வடக்கு நோக்கிய பூமியின் புலத்தோடு பிணைந்துகொள்ளும். பூட்டிய கதவு திறந்த மாதிரித்தான். உள்ளே வந்த சக்தி காந்தக் கோடுகள் வழியே துருவப் பகுதிகளின் அயன்மண்டலத்துக்கு இறங்குகிறது. துகள்கள் ஒட்சிசனில் மோத, பச்சையும் சிவப்புமாய்த் துருவ ஒளி தோன்றுகிறது. வளி மேலும் அயனாகி மின்னைக் கடத்த, சுமார் 100 கிலோமீற்றர் உயரத்தில் பத்து இலட்சம் அம்பியர் அளவிலான மின்னோட்டம் பாய்கிறது.

அதன் கீழிருக்கும் நிலத்தில் ஊசி நிலைகொள்ளாது. சுவீடனின் உப்சாலாவில் 1741இல் செல்சியஸும் ஹியோர்ட்டரும் கண்டது இதைத்தான்: துருவ ஒளி தோன்றும்போதெல்லாம் ஊசி ஆடியது. 1989 மார்ச் 13இல் இதே மின்னோட்டம் நிலத்து மின்கம்பிகளிலும் மின்னைத் தூண்டியதால், கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 இலட்சம் பேர் ஒன்பது மணித்தியாலம் இருளில் இருந்தனர்.

அப்படியானால் எங்கட ஊசி? நம் பிராந்தியத்திலும் சான்று உண்டு. 1859 செப்டெம்பர் புயலின்போது பம்பாயின் கொலாபா அவதானிப்பு நிலையத்தில் கிடைக்காந்தப்புலம் சுமார் 1,600 நனோ தெஸ்லா குறைந்தது. அது அங்குள்ள புலத்தில் நூற்றுக்கு நான்கு பங்களவே.

மத்தியகோட்டை அண்டிய நம்மூரில், புயல் வேளையில் பூமியைச் சுற்றி வெகு உயரத்தில் வளையமாய் ஓடும் மின்னோட்டமே முக்கியமாய் வேலை செய்கிறது. அதன் புலம் வடக்கு தெற்காகவே, பூமியின் புலத்துக்கு எதிராக அமைகிறது. எனவே ஊசியை இழுக்கும் பலம் சற்றுக் குறையும். அது காட்டும் திசை கண்ணுக்குத் தெரியுமளவு திரும்பாது. வடக்கே கிடைப்புலம் பலவீனம், மின்னோட்டமோ அருகில். அதனால் அங்கு ஊசி பாகைக்கணக்கில் ஆடும்.

மாணவனிடம் சொன்னேன்: “புயலால ஒங்கட கிப்லா மாறல்ல மகன். ஆனா ஊசிய எங்க வெச்சீக்கிறீங்க?”

“இரும்பு அலுமாரிக்கு மேல, சேர்.”

வானத்துப் புயல் இங்கே செய்யாததை அந்த அலுமாரி செய்யக்கூடும். “அத மொதல்ல தூரமா எடுத்து வைக்கச் சொல்லுங்க” என்றேன்.