தொப்பி போட்டுக் குடித்த வாரிசு!

"என்ன வேணும் ஸார்?"

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப். சாயங்காலக் கூட்டம். எனக்கு முன்னால் இருமல் மருந்துக்கு நாலு பேர், பின்னால் காலேஜ் பெண்கள் ரெண்டு பேர். குரலைத் தாழ்த்தி, "நிப்பிள் ஷீல்டு..." என்றேன்.

"பாட்டிலுக்கு நிப்பிளா?" என்று கடைக்காரர் திருக்கழுக்குன்றம் வரை கேட்கும்படி முழங்கினார்.

"பாட்டிலுக்கு இல்லீங்க... அம்மாவுக்கு."

"உங்க அம்மாவுக்கா?"

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. பூமாதேவி சீதைக்குக் காட்டிய கருணையை எனக்குக் காட்டவில்லை!

சிரிக்காதீர்கள், இளைஞர்களே. கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது யாரும் இதைப் பற்றியெல்லாம் சொல்லித் தருவதில்லை.

2022 ஜூன் கடைசி. தலைப்பிரசவத்துக்கு என் மனைவி மாமல்லபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். நான் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுபவன். (மத்திய சர்க்கார் ஊழியராக இருந்தால் அப்பாவுக்கும் 15 நாள் லீவு. எங்கள் மேனேஜர், "பிரசவம் உனக்கா?" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் கொடுத்தார்.) ஒரு நர்ஸிங் ஹோமில் சிசேரியன். பெண் குழந்தை. 2.9 கிலோ. ஜாங்கிரி கொடுத்துக் கை ஓயவில்லை.

மறுநாளே ஆரம்பித்தது வினை. குழந்தை வாயை வைக்கும், நழுவும், வீறிட்டு அழும். மனைவிக்குக் காம்பு தட்டையாக இருந்ததால் பிஞ்சு வாய்க்குப் பிடி கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் வெடிப்பு, ரத்தம். நர்ஸிங் ஹோமில், "பால் பத்தலை, டப்பா பால் கொடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். டப்பா பாலுக்கு விளம்பரமே செய்யக்கூடாது என்று நம் நாட்டில் 1992-லேயே சட்டம் இருக்கிறது. வாயால் செய்யும் விளம்பரத்தை யார் பிடிப்பது?

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு வைத்தியம். பெரியம்மா சங்கில் சர்க்கரைத் தண்ணியோடு வந்தார். எதிர்வீட்டுப் பாட்டி தேன் என்றார். இன்னொருத்தர் கழுதைப்பால்! என் மாமியார் மட்டும் உருப்படியாக, "மாப்பிள்ளை, கொக்கிலமேட்டுக்குப் போய் பால்சுறா வாங்கிட்டு வாங்க" என்றார். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்து படகெல்லாம் கடலில் இறங்கியிருந்த நேரம். சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு எல்லாம் அமர்க்களப்பட்டன. சாப்பிட வேண்டியவள்தான் சாப்பிடவில்லை.

ராத்திரி ரெண்டு மணிக்கு அவள் கேட்டாள்: "ஏங்க, பெத்த பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தெரியாதவ எல்லாம் ஒரு அம்மாவா?" எனக்குப் பதில் வரவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் எடை 2.62. அன்றைக்குச் சாயங்காலம் தப்பித்து ஓடுகிற மாதிரி அர்ச்சுனன் தபசு பக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கே ஒரு கல் குரங்குக் குடும்பம் உண்டு, பார்த்திருப்பீர்கள். தாய்க்குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்கிறது. ஆண் குரங்கு பின்னால் உட்கார்ந்து அதற்குப் பேன் பார்க்கிறது. பல்லவர் காலத்துச் சிற்பிக்கு வீட்டில் அனுபவம் இருந்திருக்க வேண்டும்! எழுந்து வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில், தெருவில் குடியிருக்கும் ரிடையரான நர்ஸம்மா வந்திருந்தார். வந்தவர் முதலில் செய்த காரியம், கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் வெளியே அனுப்பியது. "நீங்க இருங்க தம்பி. நீங்கதான் கத்துக்கணும்."

பிறகு பாடம். "முதல் ரெண்டு மூணு நாள் சீம்பால் ஸ்பூன் கணக்குலதான் வரும், அதுவே போதும். பிறந்த பிள்ளை கொஞ்சம் எடை இறங்கறது சகஜம். ஆனா பத்து சதவீதத்தை நெருங்கினா சும்மா இருக்கக் கூடாது." எங்கள் கணக்கு ஒன்பதரையைத் தாண்டியிருந்தது. உடனே கையால் பாலைப் பீய்ச்சச் சொல்லி, பாலாடையில் குழந்தைக்குப் புகட்டினார். குழந்தையின் வயிறு அம்மாவின் வயிற்றோடு ஒட்டணும், வாயை 'ஆ'வென்று திறந்த பிறகுதான் சேர்க்கணும், காம்பு மட்டுமில்லாமல் கருவட்டமும் வாய்க்குள் போகணும் என்று பிடித்துக் காட்டினார்.

அடுத்து 10 மில்லி சிரிஞ்சு ஒன்று. ஊசி செருகும் முனையை வெட்டிவிட்டு, தள்ளுகோலை வெட்டிய பக்கம் வழியாக நுழைத்தார். வெட்டாத வழவழப்பான வாயைப் புண்ணில்லாத பக்கத்துக் காம்பின் மேல் வைத்து, பால் கொடுப்பதற்கு முன் மெதுவாக இழுக்கச் சொன்னார். அமெரிக்காக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைத்தேன். இல்லை! பக்கத்து கர்நாடகாவில், தாவணகெரேயில் டாக்டர் நிர்மலா கேசரீயும் கூட இருந்தவர்களும் 1993-ல் மருத்துவப் பத்திரிகையில் எழுதிய முறை. உலகமே எடுத்துக்கொண்டது. செலவு சில ரூபாய்.

ரெண்டு நாள் பார்த்தும் குழந்தை முழுசாகப் பிடிக்காததால்தான் என்னை மெடிக்கல் ஷாப்புக்குத் துரத்தினார். பொருள் என்னவென்றால், மெல்லிய சிலிகானில் ஒரு குட்டித் தொப்பி. நுனியில் சின்னச் சின்ன ஓட்டைகள். வெள்ளைக்காரத் துரைசானிகள் அந்தக் காலத்தில் வெள்ளி, மரம், ஏன், ஈயத்தில்கூட இதைச் செய்து மாட்டியிருக்கிறார்கள். ஈயம் குழந்தைகளுக்கு விஷமானது தனி சோகக் கதை.

தொப்பியின் ஓரத்தை வெந்நீரில் நனைத்து, பாதி புரட்டி வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. அளவு சரியாக இருக்கணும். முதல் நாளே குழந்தை பிடித்துக்கொண்டது! தொப்பிக்குள் வெள்ளையாகப் பால் தெரிந்தபோது மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இது ஊன்றுகோல்தான் தம்பி. இதை மாட்டிக்கிட்டா சில பேருக்குப் பால் சுரப்பு குறையும். கொடுத்து முடிச்சதும் மிச்சத்தைப் பீய்ச்சிடணும். வாரம் தவறாம எடை பார்க்கணும். நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகுதான்னு எண்ணுங்க."

எண்ணினேன். ஆபீஸ் லெட்ஜரில்கூட அப்படி எண்ணியதில்லை. லீவு நாளில் தொப்பி கழுவுவது, கொதிக்க வைப்பது, தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது என் டிபார்ட்மெண்ட். மற்ற நாளில் போனில் கணக்கு வரும்: "இன்னிக்கு ஏழு!" பக்கத்து ஸீட்காரர் கிரிக்கெட் விக்கெட் என்று நினைத்துக்கொண்டார்.

பதினாலாம் நாள் எடை 2.95.

தொப்பியை விலக்குவதுதான் பெரும்பாடு. பசியோடு இருக்கும்போது எடுத்தால் ஊரே கூடும் அழுகை. பாதி குடித்து மயக்கத்தில் இருக்கும்போது நைஸாக எடுத்துப் பார்க்கணும். ஒரு வாரம் ஏமாறவே இல்லை என் மகள். நாலாவது வார ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, நான் அடுப்படியில் தொப்பியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். "சீக்கிரம், அழறா" என்ற குரலைக் காணோமே என்று எட்டிப் பார்த்தேன். அரைத் தூக்கத்தில் மனைவி ஒருக்களித்துப் படுத்திருக்க, குழந்தை தானாகவே பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தது. அவள் உதட்டில் விரல் வைத்து, 'சத்தம் போடாதீங்க' என்று ஜாடை காட்டினாள். கண்ணோரம் ஈரம்.

அடுத்த வாரம் அதே மெடிக்கல் ஷாப்பில் தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டு, அதே முழக்கத்தில் கேட்டார்:

"என்ன ஸார், அம்மா சௌக்கியமா?"