மலையூரில் கட்டும் படகு

படகு என்றதும் கடற்கரையும் ஆற்றங்கரையும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஐயாயிரம் அடி உயரத்தில், படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டும் கேரட்டும் பீன்ஸும் விளைகின்ற வட்டவடையில் ஒருவர் மோட்டார்ப் படகு கட்டப்போகிறார் என்றால், கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். நாமும் முதலில் சிரித்தோம். கட்டப்போகிறவர் நம் மூத்த மைத்துனர் ஆகையால் சற்று அடக்கமாகவே சிரித்தோம்.

மூணாற்றிலிருந்து மாட்டுப்பெட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாகப் பாம்பாடும் சோலையைக் கடந்து சுமார் 45 கிலோமீட்டர் சென்றால் வட்டவடை வரும். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். எனினும் வீட்டுப் பேச்சு தமிழே. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதி கேரளத்தோடு இணைந்தது. பிழைப்பை நாடி டில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் சென்ற நம்மைப்போல் அல்லாமல், இவ்வூரார் தங்கள் வயலைவிட்டு ஓரடியும் நகராமலே வெளிமாநிலத் தமிழராக இருக்கிறார்கள்.

மைத்துனரின் மகளை வேம்பநாட்டுக் காயலின் கரையில் ஒரு வீட்டில் மணம் செய்து கொடுத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் இருவர். கடைக்கும் பள்ளிக்கும் நீரைத் தாண்டித்தான் செல்ல வேண்டும். அவர்களுக்குத் தம் கையால் ஒரு படகு செய்து அனுப்ப வேண்டுமென்பது தாத்தாவின் ஆசை. நாம் விடுமுறையில் சென்றிருந்தபோது, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் வரைந்த படத்தைக் கொண்டுவந்து விரித்தார். 12 அடி நீளம், அடித்தளத்தில் மூன்றரை அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். பின்புறத்தில் மாட்டுவதற்கு 25 குதிரைசக்தி மோட்டார் ஒன்று மலிவாக வருகிறதென்றும், அதற்கு முன்பணம் கொடுக்கப்போவதாகவும் சொன்னார்.

“மச்சான், முன்பணத்தைச் சற்றுப் பொறுத்துக் கொடுக்கலாமே” என்றோம். வீட்டில் படகு கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். மோட்டாரிலிருந்து தொடங்கிப் படகுக்கு வருகிறார்கள். எந்த நீரில், எத்தனை பேர், எவ்வளவு சுமை என்பதிலிருந்து தொடங்கினால் மோட்டாரின் அளவு கடைசியில் தானாகவே கிடைத்துவிடும்.

கணக்கு கடினமானதன்று. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். ஒட்டுப்பலகையில் செய்த 12 அடிப் படகு சுமார் 90 கிலோ இருக்கும். சிறிய மோட்டார் 25 கிலோ. எரிபொருள், துடுப்பு, கயிறு முதலியன 20 கிலோ. ஆளுக்கு 65 கிலோ வீதம் மூவருக்கு 195 கிலோ. ஆக மொத்தம் 330 கிலோ. மைத்துனர் வரைந்த அளவில், படகு ஒரு சென்டிமீட்டர் ஆழம் அமிழ்வதற்குச் சுமார் 31 கிலோ வேண்டும். எனவே மூவர் ஏறினால் 11 சென்டிமீட்டர் அளவுக்கு நீரில் இறங்கும். ஒன்றேகால் அடி உயரத்தில் எஞ்சுவது 27 சென்டிமீட்டர். அதாவது ஒரு சாணைவிடச் சற்று அதிகம். அலைக்கும் நமக்கும் இடையிலுள்ள சுவர் அவ்வளவே.

இந்த எஞ்சிய உயரத்தை ஆங்கிலத்தில் ‘ஃப்ரீபோர்டு’ என்பர். கப்பல் விதிகள் அடங்கிய கைப்பிரதி ஒன்று ஒருமுறை நம் மேசைக்கு வந்தது. அதில் முன்னர் மொழிபெயர்த்த யாரோ ஒருவர் இச்சொல்லை ‘இலவசப் பலகை’ என்று எழுதியிருந்தார். சிரித்துவிட்டு, ‘நீர்மேல் விளிம்புயரம்’ என்று திருத்தினோம். ஆனால் அந்தப் பலகை இலவசமானதன்று என்பதை மைத்துனரின் படத்தைப் பார்த்தபோதுதான் உணர்ந்தோம். கூடுதலாக ஏறும் ஒவ்வொருவரும் அதில் இரண்டு சென்டிமீட்டரை எடுத்துக்கொள்கிறார்.

அமிழ்வதைவிட அஞ்சத்தக்கது சாய்வது. 2009 செப்டம்பர் 30 அன்று, இதே இடுக்கி மாவட்டத்தில், தேக்கடி ஏரியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் கவிழ்ந்த படகில் 22 பேர் உயிரிழந்தனர்; மீன்பிடிப் படகாக இருந்ததை உல்லாசப் படகாக மாற்றியிருந்தார்கள் என்று அப்போது செய்திகள் கூறின. நம்முடையது சிறு படகு, நமக்கென்ன என்று எண்ணலாகாது. சிறு படகில் ஒருவர் எழுந்து நின்றாலே சுமையின் நடுவிடம் மேலே ஏறிவிடுகிறது. மூவர் ஒரே பக்கம் நகர்ந்தால் விளிம்பு நீரைத் தொடும். இதற்கு முதல் மருந்து அகலம். அகலத்தினால் கிடைக்கும் நிலையுறுதி அகலத்தின் முப்படிக்கு ஏற்ப வளர்கிறது. மூன்றரை அடியை நாலேகால் அடியாக்கினால், முக்கால் அடிதான் கூட்டினோம். ஆனால் அந்த உறுதி ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்காகிறது.

இனி மரம். கேரளத்துப் படகுத் தச்சர்கள் தொன்றுதொட்டு விரும்பியது ஆஞ்சிலி மரம். தமிழில் அயினி என்போம். ஏராவை நிறுத்தி, வங்குகளைப் பொருத்தி, அணியத்திலிருந்து அமரம் வரை பலகை அடித்து, இடுக்குகளைக் கலப்பற்றி, மீனெண்ணெயோ முந்திரி ஓட்டெண்ணெயோ பூசுவது அவர்கள் முறை. அது பல்லாண்டுப் பழக்கத்தால் வரும் கலை. முதன்முறை உளி பிடிப்பவர் அதில் இறங்குவது சரியன்று. மேலும், பெரிய அயினி மரங்கள் அரிதாகி விலையும் ஏறிவிட்டது. கொச்சியில் 1957இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மருந்தேற்றிய ரப்பர் மரத்தில் தோணி செய்து காட்டியதும் இந்தத் தட்டுப்பாட்டினால்தான். வட்டவடையைச் சுற்றி யூக்கலிப்டஸ் மரங்கள் ஏராளம். வீட்டுவாசலிலேயே மரம் இருக்க வெளியில் ஏன் வாங்க வேண்டும் என்று மைத்துனர் கேட்டார். அது காயும்போது முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும், கனமும் அதிகம். விறகுக்கும் கம்பத்துக்கும் ஆகும், படகுக்கு ஆகாது.

புதியவருக்கு ஏற்ற வழி ஒன்று கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில், கட்டுமரத்துக்கு வேண்டிய மரம் கிடைப்பது அரிதாகி, வெளிப்புற மோட்டார்களும் வந்துசேர்ந்த காலத்தில், அவ்வூரில் மீனவர்களுக்காக ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டத் தொடங்கினர். பலகையைத் தட்டையாக வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து நிறுத்தி, மூட்டுகளைப் பிசினாலும் கண்ணாடியிழை நாடாவாலும் அடைத்துவிடுவது அதன் உத்தி. இங்கிலாந்தில் 1963இல் வெளிவந்த ‘மிரர்’ என்னும் சிறு பாய்ப்படகும் இம்முறையில் அமைந்ததே. தச்சுத்தொழில் அறியாத குடும்பங்கள் வீட்டிலேயே கட்டிக்கொள்வதற்காக அதை வகுத்தார்கள். பலகையைத் தைத்துப் படகு செய்வது நமக்குப் புதிதா என்ன? சென்னையில் துறைமுகம் அமைவதற்குமுன், கப்பலில் வந்தவர்களை அலைகடந்து கரைசேர்த்த மசூலாப் படகுகளில் ஓர் ஆணியும் இல்லை. எல்லாம் தென்னங்கயிற்றுத் தையல்.

ஒட்டுப்பலகை என்றால் அலமாரி செய்யும் சரக்கன்று. இந்திய தர நிர்ணய எண் 710 பொறித்த கடற்பலகையே வேண்டும்; கொதிநீரிலும் அதன் பசை விடுவதில்லை. எட்டடிக்கு நாலடித் தாள்களாக வருவதால் 12 அடிக்கு இரண்டை இணைக்க வேண்டியிருக்கும். அடித்தளத்துக்கு 9 மில்லிமீட்டர், பக்கங்களுக்கு 6 மில்லிமீட்டர் போதும். இரும்பாணி அறவே கூடாது. துரு முதலில் ஆணியைத் தின்னும், பிறகு பலகையைக் கெடுக்கும்.

மலையூருக்கென்றே சில சங்கடங்கள் உண்டு. மைத்துனர் மழைக்காலத்தில் வயல்வேலை குறையும்போது கட்டலாம் என்றிருந்தார். ஈரக்காற்றில் பலகை நீரை உறிஞ்சும். மார்கழிக் குளிரிலோ பிசின் இறுகவே மறுக்கும். மாசி, பங்குனி மாதங்களே ஏற்றவை. அடுத்தது, கட்டுமிடம். வாசற்கதவு மூன்றடி, படகு நாலேகால் அடி. வீட்டுக்குள்ளே கட்டிவிட்டு வெளியே எடுக்க முடியாமல் திகைத்தவர்களின் கதை எல்லா நாடுகளிலும் உண்டு. உருளைக்கிழங்கு மூட்டைகள் அடுக்கும் கொட்டகையைக் காலி செய்வதாக முடிவாயிற்று. சிறு லாரியின் பெட்டியளவையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டோம். கொண்டையூசி வளைவுகளில் வாலை நீட்டிக்கொண்டு போக முடியாதல்லவா?

மோட்டாரை வழியிலுள்ள குண்டளை ஏரியில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். 1946இல் கட்டி முடித்த அணையின் நீர் அது. மின்வாரியத்தின் பொறுப்பில் இருக்கிறது. நினைத்தவர் நினைத்தபோது படகை இறக்கும் குளமன்று. அனுமதி கிடைத்தாலும் சோதனை சரியாக அமையாது. 1,700 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பெட்ரோல் மோட்டார் தன் சக்தியில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கை இழக்கும்.

எத்தனை குதிரைசக்தி வேண்டும்? நீரைப் பிளந்து செல்லும் 12 அடிப் படகின் இயல்பான வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் அளவே. அதற்கு 2 அல்லது 3 குதிரைசக்தி தாராளம். அதற்குமேல் வேகம் வேண்டுமானால் படகு நீரின்மேல் எழும்பி வழுக்க வேண்டும். அதற்கு வேறு வடிவமும் வேறு கட்டுமானமும் தேவை. 25 குதிரைசக்தி மோட்டாரின் எடையே ஐம்பது கிலோவை ஒட்டியிருக்கும். அதைப் பின்விளிம்பில் தொங்கவிட்டால் அமரம் தாழ்ந்து அணியம் வானம் பார்க்கும்.

சட்டமும் உண்டு. 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, உள்நாட்டு நீர்வழிக் கலங்களுக்கென 2021இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. மோட்டார் பொருத்திய கலத்தைப் பதிவு செய்ய வேண்டும். கட்டி முடித்தபின் அலுவலகப்படி ஏறுவதைவிட, வரைபடத்தோடு முதலிலேயே சென்று கேட்பது நல்லது. அரசு அலுவலகத்தில் பணிபுரிகிறவர்கள் என்ற முறையில் இதைச் சற்று அழுத்தியே சொன்னோம்.

இவ்வளவு சொல்லியும் மைத்துனரின் முகத்தில் நம்பிக்கை பிறக்கவில்லை. காகிதத்தில் எழுதிய எண்களை விவசாயி நம்புவதில்லை. கண்ணால் காண வேண்டும். எனவே பழைய கல்யாண அழைப்பிதழ் அட்டைகளைப் பத்திலொரு பங்கு அளவில் வெட்டி, தையல் நூலால் தைத்து, மெழுகு பூசி ஒரு படகு செய்தோம். நீளம் பத்திலொன்று ஆனால் எடை ஆயிரத்திலொன்று ஆகும். 330 கிலோவுக்கு 330 கிராம். அட்டையின் எடைக்குறைவை ஈடுசெய்ய நாணயங்களை அடியில் ஒட்டினோம். ஆளுக்கு 65 கிராம் வீதம் வட்டவடைப் பூண்டை எடைபோட்டு மூன்று சிறு பொட்டலங்களாகக் கட்டி, அலுமினியத் தொட்டி நீரில் மிதந்த படகில் வைத்தோம். நடுவில் வைத்தபோது அழகாக நின்றது. மூன்று பொட்டலங்களையும் ஒரே பக்கம் நகர்த்தினோம். விளிம்பு சாய்ந்தது, நீர் உள்ளே சரிந்தது, பூண்டு தொட்டியில் மிதந்தது.

மைத்துனர் ஒன்றும் பேசவில்லை. ஈரப் பூண்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் துடைத்தார். சற்று நேரம் கழித்து, “இரண்டு பொட்டலம் சின்னதுகள், மாப்பிள்ளை” என்றார்.

அன்று மாலையே நாலேகால் அடி அகலத்தில் இரண்டாவது அட்டைப் படகு தயாராயிற்று. அதே மூன்று பொட்டலங்களையும் ஒருபக்கம் தள்ளியபோது படகு நன்றாகச் சாய்ந்தது. ஆனால் நீர் உள்ளே வரவில்லை. இருக்கைப் பலகைகளின் கீழ் நுரைக்கட்டி அடைப்பதென்றும் தீர்மானித்தோம். நூறு லிட்டர் அளவு நுரை ஏறத்தாழ நூறு கிலோவைத் தாங்கும், நீர் நிறைந்தாலும் படகு மூழ்காமல் பிடித்துக்கொள்ள இடமிருக்கும். 25 குதிரைசக்தி மோட்டாருக்கென எடுத்துவைத்திருந்த முன்பணத்தில் முதற்செலவாக, பேரப்பிள்ளைகளின் அளவுக்கு இரண்டும் பெரியவர்களுக்கு இரண்டுமாக மிதவைச் சட்டைகள் வாங்க எர்ணாகுளத்துக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். பலகை வாங்குவது தை கழிந்து.