விடுபட்ட நான்கு பேர்

காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில், சிங்கத் தூண்களுக்குப் பின்னால், சுவர் முழுக்க ஒரு குடும்பத்தின் கதை செதுக்கப்பட்டிருக்கிறது. மணற்கல் என்பதால் பல முகங்கள் கரைந்துவிட்டன. ஆனால் சில சிற்பங்களுக்கு அடியில் எட்டாம் நூற்றாண்டு எழுத்தில் குறிப்புகள் இருப்பதால் கதையை இன்றும் தொடர்ந்து படிக்க முடிகிறது.

கி.பி. 730-ஐ ஒட்டி, பல்லவ அரசன் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்துபோகிறான். பெரியவர்களும், கடிகை என்ற கல்விச்சபையைச் சேர்ந்த கடிகையாரும் ஒன்றுகூடி, அதே குலத்தின் இன்னொரு கிளையைத் தேடிப் போகிறார்கள். அங்கே இரணியவர்மன் தன் நான்கு மகன்களையும் அழைத்து, அரசேற்க யார் போவது என்று கேட்கிறான். மூத்தவர்கள் மூவரும் மறுக்கிறார்கள். கடைசிப் பையன் பல்லவமல்லன் சம்மதிக்கிறான். அவனுக்கு வயது 12. இரண்டாம் நந்திவர்மன் என்ற பெயரில் முடிசூடி, ஏறக்குறைய 65 ஆண்டுகள் ஆண்டவன் அவன்தான். இந்தக் கோயிலைக் கட்டியவனும் அவனே. இந்தச் சிற்பங்களை வரிசைப்படுத்திப் பொருள் சொன்னவர் டாக்டர் சி. மீனாட்சி. அவருடைய நூலைத் தொல்லியல் துறை 1941-இல் வெளியிட்டபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அந்தத் திருச்சுற்றில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

அந்தக் கிளை எவ்வளவு தூரத்துக் கிளை? விடை, காரைக்காலை அடுத்த கசாக்குடியில் கிடைத்த செப்பேட்டில் இருக்கிறது. அதைப் படித்துப் பதிப்பித்தவர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்த ஹுல்ட்ஷ். 1886 முதல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக இருந்தவர். சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன், அவன் வழியில் புத்தவர்மன், ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன், இரணியவர்மன், அவன் மகன் நந்திவர்மன் என்று செப்பேடு அடுக்குகிறது. மறுபக்கம் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன், மாமல்லன், இரண்டாம் மகேந்திரவர்மன், முதலாம் பரமேசுவரவர்மன், ராஜசிம்மன், இரண்டாம் பரமேசுவரவர்மன். இரு கிளைகளும் சேரும் இடம் சிம்மவிஷ்ணுவின் தந்தை சிம்மவர்மன். இறந்த அரசனிலிருந்து அவன்வரை ஏழு படி ஏறி, மறுபக்கம் ஆறு படி இறங்கினால்தான் இந்தப் பையன் வருகிறான்.

குலத்தின் ரத்தம் அறுந்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை பாடு. மரபணுவியல் இந்த இடத்தில் ஒரு வியப்பான செய்தியைச் சொல்கிறது: இறந்த அரசனுக்கும் இந்தப் பையனுக்கும் அந்தப் பொது மூதாதை வழியாக வந்த மரபணுத் துண்டு, ஒன்றே ஒன்றைத் தவிர, அநேகமாக எதுவுமே பொதுவாக இருந்திருக்காது.

காரணம் எளிது. ஒவ்வொரு தலைமுறையிலும் பெற்றவர் தன்னிடம் இருப்பதில் பாதியைத்தான் கொடுக்கிறார். பதின்மூன்று படி என்றால் பதின்மூன்று முறை பாதி. சிம்மவிஷ்ணுவும் பீமவர்மனும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றே வைத்துக்கொண்டாலும், சராசரிக் கணக்கில் மிஞ்சுவது 4096-இல் ஒரு பங்கு. அந்தச் சராசரியும் எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. டி.என்.ஏ. தூள்தூளாகக் கலந்து வருவதில்லை. பெரிய துண்டுகளாக வருகிறது. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் மொத்தமாகச் சராசரி முப்பது சொச்சம் இடங்களில்தான் வெட்டுப்பட்டு, தாத்தா பக்கத்துத் துண்டும் பாட்டி பக்கத்துத் துண்டும் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் தூரத்து உறவினர் இருவருக்குள் ஒரு முழுத் துண்டு பொதுவாக இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. பதின்மூன்று படி தாண்டினால் ஒன்றுமே இல்லாமல் போவதுதான் வழக்கம்.

நம் ஒவ்வொருவருக்கும் இதே கதைதான். பத்துத் தலைமுறை மேலே போனால் 1024 மூதாதையர். ஆனால் அந்தத் தூரத்திலிருந்து நம் உடலுக்கு வந்து சேர்ந்திருப்பது 640 துண்டுகள் அளவில்தான். ஒருவரிடமிருந்தே இரண்டு மூன்று துண்டுகள் வந்திருக்கலாம். ஆக, 1024 பேரில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்கள்தான் நம் டி.என்.ஏ.வில் இருக்கிறார்கள். மற்றவர்களும் நம் சொந்தப் பாட்டன் பாட்டிகள்தாம். அவர்களில் ஒருவர் இல்லையென்றாலும் நாம் பிறந்திருக்க மாட்டோம். ஆனால் அவர்களுடைய டி.என்.ஏ. எழுத்து ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

நந்திவர்மன் விஷயத்தில் ஒன்றைத் தவிர என்றேனே, அது ஒய் குரோமோசோம். அது தந்தையிடமிருந்து மகனுக்கு, நுனிகள் நீங்கலாக, கலப்பில்லாமல் போகிறது. செப்பேடு சொல்லும் வரிசையில் எங்கும் பிசகில்லை என்றால், இறந்த அரசனிடமும் பன்னிரண்டு வயதுப் பையனிடமும் இருந்தது சிம்மவர்மனின் அதே ஒய் குரோமோசோம். ஒரு சில எழுத்துகள் மட்டும் மாறியிருக்கும். கடிகையார் தேடிப் பிடித்தது மொத்த மரபணுத் தொகுதியில் சுமார் இரண்டு சதவீதத்தைத்தான். ஆனால் அந்த இரண்டு சதவீதத்தைத் துல்லியமாகப் பிடித்தார்கள்.

பெண் வழிக்கு இப்படி ஒன்று உண்டா? உண்டு. ஒரு ஜெர்மன் குடும்பம் அதை உலகத்துக்கே காட்டியது. ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னர் நிக்கோலஸ், மனைவி அலெக்சாண்ட்ரா, பிள்ளைகள் எல்லாரும் 1918 ஜூலையில் எகடெரின்பர்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1991-இல் ஒரு குழியிலிருந்து எலும்புகளை எடுத்தார்கள். அவை யாருடையவை? அலெக்சாண்ட்ரா ஜெர்மனியின் டார்ம்ஸ்டட்டில் பிறந்த ஹெஸ்ஸே குடும்பத்துப் பெண். அவருடைய அக்கா விக்டோரியா, அக்காவின் மகள் ஆலிஸ், ஆலிஸின் மகன் எடின்பரோ கோமகன் பிலிப். தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு மட்டும் போகும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ., மொத்தம் 16,569 எழுத்துகள் கொண்ட ஒரு சின்ன வளையம். பிலிப் தன் ரத்த மாதிரியைக் கொடுத்தார். குழியில் கிடைத்த தாயின் எலும்பும் மூன்று பெண்களின் எலும்புகளும் அவரோடு பொருந்தின. பிலிப்பின் மகன் சார்லஸிடம் மாதிரி எடுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது; அவரிடம் இருப்பது அவருடைய தாயின் வளையம்.

மூதாதையரைத் தேடும் விஷயத்தில் ஜெர்மன்காரர்களுக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது: ஊர்த் தேவாலயப் பதிவேடு. 1563-இல் டிரென்ட் சங்கம் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதி வைக்கக் கட்டளையிட்டது. லூத்தரன் சபைகளும் எழுதின. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் எரிந்தவை போக மிச்சமானவற்றை வைத்தே பல குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு தலைமுறை மேலே போய்விடுகின்றன. மாறாத குடும்பப் பெயர் இருப்பதால் தேடுவதும் சுலபம். ஜெர்மன் மிஷனரிகள் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, மறு வருடமே ஞானஸ்நானம் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தச் சபைகளின் பழைய குடும்பங்களுக்கு மட்டும் இங்கேயும் அப்படி ஒரு வழி திறந்தது.

நம்மில் மற்றவர்களுக்கு? இனிஷியல் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுகிறது. பெண்ணுக்குக் கல்யாணத்தோடு இன்னொரு முறை மாறுகிறது. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1899-இல். அதற்கு மேலே போக வேண்டுமானால் ஊரைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிப் பெரிய ஏரியோடு இருக்கும் தாமல் இதற்கு நல்ல உதாரணம். தாமோதரப் பெருமாள் கோயில் கொண்ட அந்த ஊரை விட்டுப் போய்ப் பல தலைமுறை ஆன வைணவக் குடும்பங்கள் இன்றும் பெயருக்கு முன்னால் தாமல் என்று போட்டுக்கொள்கின்றன. இனிஷியல் மாறினாலும் ஊர் மாறவில்லை. ஜெர்மன் குடும்பப் பெயர் செய்யும் வேலையை அந்த ஊர்ப் பெயர் செய்கிறது.

அதே குடும்பங்களில் இன்னொரு பதிவேடும் உண்டு. அது காகிதத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. அமாவாசைத் தர்ப்பணத்தில் தகப்பனார், தாத்தா, கொள்ளுத்தாத்தா, அவர்கள் மனைவியர் எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். தாய்வழியிலும் தாயின் தகப்பனார் தொடங்கி மூன்று பேர், அவர்கள் மனைவியர் மூன்று பேர். மொத்தம் பன்னிரண்டு பெயர். பெண்களையும் பெயர் சொல்லி நினைக்கும் இந்த ஏற்பாட்டை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். ஜெர்மனியில் போலப் பாதிரியார் யாரும் எழுதி வைக்காமலே, வெறும் நினைவில் இது நிற்கிறது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று தலைமுறைக்குள் ஒருவருக்கு மூதாதையர் 2, 4, 8 என்று 14 பேர். இந்தப் பன்னிரண்டில் இருவர் நான்காம் தலைமுறைக்காரர்கள். ஆக 14-இல் பத்துப் பேர்தான் வருகிறார்கள். அப்பாவைப் பெற்ற பாட்டியின் அப்பா, அம்மா. அம்மாவைப் பெற்ற பாட்டியின் அப்பா, அம்மா. இந்த நால்வர் இல்லை. கடைசியாகச் சொன்ன அந்தப் பெண்ணின் மைட்டோகாண்ட்ரியாதான் இன்று நம் செல்களில் ஓடிக்கொண்டிருக்கிறது! கசாக்குடிச் செப்பேட்டிலும் இதே நிலைதான். நந்திவர்மனின் தாய் ரோகிணி என்பது தெரியும். ரோகிணியின் தாய் யார், அவள் எந்த ஊர்?

நம் குடும்பங்களில் இன்னொரு முடிச்சும் உண்டு. அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டினால், பிறக்கும் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி எட்டுப் பேர் அல்ல, ஆறு பேர்தான். முப்பது தலைமுறை மேலே போனால் இரட்டிப்புக் கணக்குப்படி நூறு கோடிக்கு மேல் மூதாதையர் வேண்டும். அன்று உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை. ஒரே ஆள் பல வழிகளில் நமக்குப் பாட்டனாகிறார் என்பதுதான் இதற்கு விடை. மணவுறவு ஒரு வட்டத்துக்குள்ளேயே நடந்தால் வலை இன்னும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். ஐதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோர் குழு 2017-இல் தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட மக்கள் குழுக்களை ஆராய்ந்தது. அவற்றில் 81 குழுக்களில், ஒரு சிலரிலிருந்து பெருகியதன் தடம் ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்களிடமும் ஃபின்லாந்துக்காரர்களிடமும் காணப்படுவதைவிட ஆழமாக இருந்தது.

இது வெறும் வம்சப் பெருமை சம்பந்தப்பட்டதல்ல. வைசியர் சமூகத்தில் சிலருக்கு, அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் என்ற மருந்தை உடைக்கும் நொதி வேலை செய்வதில்லை. நிமிடங்களில் தெளிய வேண்டிய மருந்து பல மணி நேரம் மூச்சை முடக்கிவிடும். எப்போதோ வாழ்ந்த யாரோ ஒருவரிடமிருந்து பலருக்கும் வந்து சேர்ந்த மாற்றம் அது. மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால் வேறு மருந்தில் காரியம் முடிந்துவிடும். யார் வீட்டில் யார் பெண் எடுத்தார்கள், யாருக்கு ஆபரேஷன் மேஜையில் என்ன ஆயிற்று என்ற பேச்சுக்கு அங்கே உயிரின் மதிப்பு இருக்கிறது.

உங்கள் வீட்டில் அம்மாவைப் பெற்ற பாட்டி இருந்தால் இந்த வாரமே கேளுங்கள். அவருடைய அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், அம்மா பிறந்த ஊர், உடன்பிறந்த பெண்கள் எங்கே வாழ்க்கைப்பட்டுப் போனார்கள், சின்ன வயதில் யாராவது காரணம் தெரியாமல் இறந்தார்களா. அப்பாவின் அம்மாவிடமும் இதையே கேளுங்கள். பெயர்களை அவர்கள் சொல்லும் உச்சரிப்பிலேயே, பக்கத்தில் ஊரோடு எழுதுங்கள். விடுபட்ட அந்த நான்கு பேரை நேரில் பார்த்தவர்கள் இந்தப் பாட்டிகள்தாம்.