பொருளாதாரம் படிக்க ஆசையா? கணக்கை விட்டுவிடாதீர்கள்!

டில்லி கரோல்பாக்கில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் அது. தந்தை மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ. மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் பிரிவு, நல்ல மார்க். டில்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. கணக்குப் பாடம் இல்லாமல் அந்தப் படிப்பில் சேர முடியாது!

பதினொன்றாம் வகுப்பில் சேரும்போதே அவள் கணக்கை விட்டிருந்தாள். "விலைவாசி, வரவு செலவு பற்றிய படிப்புதானே? அதற்குக் கணக்கு எதற்கு?" என்று தெரிந்தவர்கள் சொன்னதைத் தந்தையும் நம்பிவிட்டார்.

கணக்கு எதற்கு?

ஆசாத்பூர் மண்டியில் தக்காளி விலை கிலோவுக்கு 5 ரூபாய் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை குறையும் என்று யாரும் சொல்லிவிடலாம். எவ்வளவு குறையும் என்று கேட்டால்தான் பொருளாதாரம் தொடங்குகிறது. அதற்கு நுண்கணிதமும் புள்ளியியலும் வேண்டும். ஆனர்ஸ் வகுப்பில் முதல் ஆண்டிலேயே கணிதம் வந்துவிடுகிறது. பின்னால் வரும் 'எகனாமெட்ரிக்ஸ்' பாடமோ முழுக்க முழுக்க எண்களின் ராஜ்யம்.

1949-ல் டில்லி ஸ்கூல் ஆப் எகனாமிக்ஸை நிறுவிய வி.கே.ஆர்.வி. ராவ், நம் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். இந்தியாவின் தேசிய வருமானத்தை மதிப்பிட்டுக் காட்டியதால் பெயர் பெற்றவர். அதுவும் கணக்குதான்!

சேரும் வழி

2022-ம் ஆண்டு முதல் டில்லி பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 'கியூட்' எனும் பொது நுழைவுத் தேர்வின் மூலம் இடம் தரப்படுகிறது. பொருளாதார ஆனர்ஸுக்கு அதில் கணிதம் கட்டாயம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் உள்ள 'அப்ளைடு மேத்தமேடிக்ஸ்' படித்தவர்களுக்கும் வழி உண்டு. காமர்ஸ் மாணவர்களும் இதை எடுத்துப் படிக்கலாம். நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் கல்லூரிப் பாடங்களுக்கு ஆங்கிலம் பழகியிருப்பது நல்லது.

மூன்று ஆண்டு முடித்தால் ஆனர்ஸ் பட்டம். விரும்பினால் நான்காம் ஆண்டும் தொடரலாம். மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத பி.ஏ. மட்டும் போதாது; பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் வேண்டும். ஆகவே, மேலே படிக்கும் எண்ணத்துடன் சேர்வதே உத்தமம்.

பெற்றோர் கவனத்துக்கு

பத்தாம் வகுப்பில் கணக்கு மார்க் சற்றுக் குறைந்தால் உடனே அந்தப் பாடத்தை வெட்டிவிடும் வீடுகள் உண்டு. பிள்ளையின் சுமை குறையும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால், இரண்டு ஆண்டு கழித்து எந்தக் கதவு மூடும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கரோல்பாக் பெண் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பட்டப் படிப்பில் சேர்ந்தாள். சேர்வதற்குப் பிளஸ் டூ தேர்ச்சி போதுமானதாக இருந்தது. ஆனால், அங்கும் பாடத் திட்டத்தில் கணிதம் காத்திருந்தது! அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியரிடம் மாலை நேரத்தில் அடிப்படையிலிருந்து கற்று வருகிறாள்.

அவளுடைய தம்பி இப்போது பத்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டு அவன் எந்தப் பாடங்களை எடுப்பது என்று அக்காவைக் கேட்டுத்தான் முடிவு என்று தந்தை சொல்லிவிட்டார்.