நளன் நல்லவனா? குளக்கரையில் ஒரு வழக்கு!

திருநள்ளாறு. காரைக்காலில் இருந்து சுமார் 5 கிலோ மீட்டர் தூரம்.

சனி பகவானை வேண்டி வருகிறவர்கள் முதலில் இறங்குவது நள தீர்த்தத்தில். நளனைப் பிடித்த சனி விலகியது இங்கேதான் என்பது தலபுராணம். (புகழேந்திப் புலவரின் நளவெண்பாவில் அவனைப் பிடித்தவன் கலி. அந்தச் சண்டை தனி!)

தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு படியில் உட்காரும்போதே பேச்சு தொடங்கிவிடும்.

"பாவம், நளன்!" என்பார் ஒருவர்.

"என்ன பாவம்? கட்டினவளை நடுக்காட்டில் விட்டு ஓடினவன் அல்லவா?" என்பார் அடுத்த படிக்காரர்.

சூதாட்டத்தில் நாட்டைத் தோற்றவன் நளன். மனைவி தமயந்தியுடன் காட்டுக்குப் போனான். இருவருக்கும் உடுத்த ஒரே துணி. நள்ளிரவில் அதில் பாதியை அறுத்துக்கொண்டு, தூங்குகிறவளை விட்டுப் போனான். பிறகு உருவம் மாறி, அயோத்தி அரசனிடம் தேரோட்டியாக இருந்தான், சமையலும் செய்தான்.

ஏன் பிடிக்கும்?

நளனைப் பிடிக்கும் என்று சொன்னால் போதாது. "ஏன் பிடிக்கும்?" என்று கேட்பார்கள். சண்டை அங்கேதான்.

சமையலுக்காக என்றால், "சாப்பாட்டு ராமன்!" என்று சிரிப்பார்கள். கடனில் மூழ்கிய வியாபாரி, "என்னைப் போலக் கஷ்டப்பட்டவன்" என்றால், "உமக்குப் பிடித்தது நளனை அல்ல, உம்மைத்தான்" என்று படித்தவர் மடக்குவார்.

இது நியாயமா?

மகாபாரதத்தில் நளன் கதையைக் கேட்டவர் தருமர். சூதில் நாடிழந்து காட்டில் இருந்தார். தன்னைவிடத் துயரப்பட்ட அரசன் உண்டா என்று கேட்டார். பிருகதசுவ முனிவர் இந்தக் கதையைச் சொன்னார். தருமர் தம் துயரத்துக்காகக் கேட்கலாம், வியாபாரி கேட்கக் கூடாதா?

நாவல் படிப்பவர்களிடமும் இந்த வழக்கு உண்டு. 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. 2022-ல் படமாக வந்தது. படம் பார்த்து வந்தியத்தேவனைப் பிடித்தவர்களை, "நடிகருக்காகத்தானே?" என்று பழைய வாசகர்கள் இளக்காரமாகப் பார்த்தார்கள். அவர்கள் மட்டும் என்ன? ஓவியர் மணியம் வரைந்த முகத்தைப் பார்த்துத்தானே மயங்கினார்கள்!

மாமியாரும் மருமகளும்

தமயந்தி வழக்கு இன்னும் கடுமை.

விட்டுப் போனவனையே நினைத்திருந்தாளே என்று மாமியாருக்குப் பிடிக்கும். மருமகளுக்குப் பிடித்த காரணம் வேறு. சுயம்வரத்தில் நான்கு தேவர்கள் நளன் உருவில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கண் இமைக்கவில்லை, கால் தரையில் படவில்லை, மாலை வாடவில்லை. அதைக் கவனித்து உண்மை நளனைக் கண்டுபிடித்தாள். காணாமல் போனவனை வரவழைக்கவும் ஒரு யுக்தி செய்தாள். நாளைக்கே தனக்கு மறு சுயம்வரம் என்று அயோத்திக்குச் சேதி அனுப்பினாள். ஒரே நாளில் அவ்வளவு தூரம் தேர் ஓட்ட நளன் ஒருவனால்தான் முடியும்!

"பத்தினியிடம் பார்த்தது இந்தச் சாமர்த்தியத்தைத்தானா?" என்று மாமியார் முகம் சுளிப்பார்.

கணவன் விட்டுப்போன பெண் ஒருத்தி தமயந்தியைப் பிடிக்கும் என்று சொன்னால், யாரும் காரணம் கேட்பதே இல்லை. "இன்னும் அவனை எதிர்பார்க்கிறாள், பாவம்!" என்று தாங்களே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அவள் அந்த மறு சுயம்வரத்தை நினைத்துச் சொல்லியிருக்கலாம்.

எண்ணெய் காய்ந்துவிடும். வழக்கை நிறுத்திவிட்டு எல்லாரும் குளத்தில் மூழ்குவார்கள். மாமியார் மட்டும் படியேறும்போதும் விடமாட்டார்.

"பாதித் துணியாவது விட்டு வைத்தானே!" என்பார்.