மலை இறங்கும் காரும் அதன் பிறேக்கும்

எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில் ஒருமுறையேனும் பயணஞ் செய்தோர் அதனை மறவார். ஒருபுறம் செங்குத்தான பாறை; மறுபுறம் பள்ளத்தாக்கு; இடையே வளைந்து வளைந்து செல்லும் தார் வீதி. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1040 மீற்றர் உயரத்திலுள்ள எல்லவிலிருந்து புறப்படும் அவ்வீதி, சுமார் 27 கிலோமீற்றர் தூரத்துக்குள் 800 மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகின்றது. 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு, தங்காலை நகர சபை ஊழியர்கள் உல்லாசப் பயணம் வந்து திரும்பிய பஸ் இவ்வீதியிலேதான் பள்ளத்தில் வீழ்ந்தது. 15 பேர் மாண்டனர். அதன் காரணத்தைப் பற்றித் தீர்ப்புக் கூற நான் வரவில்லை. ஆயினும் அதன் பின்னர் எங்கள் பக்கத்தில் பிறேக்கைப் பற்றிய பேச்சு மிகுந்தது.

என் பழைய மாணவன் ஒருவன் துரைமார் காலத்துக் கார் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு வைத்திருக்கிறான். 1956 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம்.ஜி.ஏ.; இருவர் மட்டும் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினைப் புதுப்பித்து வேகத்தைக் கூட்டிவிட்டான். "பிறேக்கையும் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டால் போதுந்தானே, சேர்?" என்று கேட்டான். நானோ கலைப் பட்டதாரி. ஆதலால் எங்கள் விஞ்ஞான ஆசிரியரையும் அருகில் இருத்திக்கொண்டு கணக்குப் பார்த்தோம்.

ஆட்களோடு சேர்த்துக் காரின் நிறை 1000 கிலோகிராம் என்று கொள்வோம். அது 800 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 26 லீற்றர் தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிக்கச் செய்யப் போதுமானது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் அதே காரை 50 தடவைக்கு மேல் முற்றாக நிறுத்துவதற்கு ஒப்பானது அது. காற்றும் எஞ்சினும் அச்சக்தியில் ஒரு பங்கை ஏற்கும். மிகுதி முழுவதும் உராய்வினால் வெப்பமாகிப் பிறேக்கிலே சேருகின்றது. பிறேக் என்பது உண்மையில் ஓர் அடுப்பு என்று விஞ்ஞான ஆசிரியர் சொன்னார். அதுவரை நான் அப்படி நினைத்ததில்லை.

அந்தக் காரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிறேக்குகளே இருந்தன. வட்டமான இரும்புக் கூட்டினுள் இரு சூக்கள் விரிந்து, அதன் உட்சுவரை அழுத்துகின்றன. கூடு மூடியிருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறாது. சூடேறிய டிரம் விரிந்து சூவை விட்டு விலகுகின்றது. லைனரும் பிடிமானத்தை இழக்கின்றது. சாரதி மேலும் மேலும் மிதிக்கிறான். கார் நிற்க மறுக்கின்றது. டிஸ்க் பிறேக்கிலோ சுழலும் தட்டு வெளியே காற்றுப்பட நிற்கின்றது. இரு பக்கத்திலுமிருந்து பட்டைகள் அதனைக் கவ்வுகின்றன. சூடேறி விரிந்தாலும் தட்டு பட்டைகளை நோக்கியே தடிக்கும், விலகிப் போகாது. மழைநீரையும் சுழற்றி எறிந்துவிடும். மார்கழி மழையில் ஊவா மலைகளில் வண்டியோட்டுவோர் இதன் அருமையை அறிவர்.

இதற்கான உரிமைப் பத்திரத்தை இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பார் 1902 இலேயே பெற்றார். எனினும் 1953 இல் பிரான்சு நாட்டின் லெ மான்ஸ் நகரில் நடைபெற்ற 24 மணி நேர ஓட்டத்தில், டன்லப் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜகுவார் கார் வென்ற பின்னரே உலகம் அதனை நன்கு கவனித்தது. எம்.ஜி.ஏ. காரும் 1959 இல் 1600 என்ற வகை வெளிவந்தபோது முன் சக்கரங்களுக்கு டிஸ்க்கைப் பெற்றது. ஆகவே, பழைய காருக்கும் அதே உறுப்புகளைப் பூட்டுவது விபரீதமன்று; தயாரித்தவர்களே காட்டிய வழி.

ஆயினும் தட்டை மாற்றிவிட்டால் வேலை முடிந்துவிடாது. டிரம்மின் சூவைச் சுழற்சியே இழுத்து இறுக்கும். டிஸ்க்கில் அவ்வுதவி இல்லாமையால் காலுக்கு அதிக பலம் வேண்டும். எண்ணெயைத் தள்ளும் பிரதான சிலிண்டரும் புதிய உறுப்புக்குப் பொருந்தியதாயிருத்தல் அவசியம். பிறேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னே சாய்கின்றது. இறக்கத்தில் இன்னும் அதிகமாய்ச் சாயும். பின் பிறேக் அளவுக்கு மிஞ்சிப் பலமாயிருந்தால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு கார் குறுக்காகத் திரும்பிவிடும். எனவே பின்னால் பழைய டிரம்மையே வைத்துக்கொள் என்றார் ஆசிரியர். மாணவனுக்கு அது ஏமாற்றந்தான். நாலு சக்கரத்திலும் பளபளக்கும் தட்டுகளை அவன் மனக்கண்ணில் கண்டிருந்தான்.

யாவரும் மறப்பது பிறேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டொட் 4 தரத்து எண்ணெய் புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாமல் கொதிக்கவேண்டும். ஈரம் ஏறியபின் தரம் வேண்டுவது 155 பாகைதான். குழாயினுள் எண்ணெய் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் தோன்றும். ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அப்பொழுது பெடல் தரையைத் தொடும், சக்கரமோ ஓடிக்கொண்டேயிருக்கும். ஆயிரக்கணக்கில் செலவிட்டு டிஸ்க் பூட்டுவோன் இரண்டாண்டுக்கொருமுறை எண்ணெய் மாற்றச் சோம்புவானாயின் என்ன செய்வது?

நுவரெலியாவில் 1934 முதல் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நடந்துவருகின்றது. விரைந்து ஏறுவோர்க்குப் பரிசு உண்டு. மெல்ல இறங்குவோர்க்கு எவரும் பரிசு தருவதில்லை. எங்கள் பக்கத்தில் பெற்றோலை மிச்சம் பிடிக்க நியூட்டிரலில் உருளவிடும் வழக்கமுஞ் சிலரிடம் உண்டு. எஞ்சின் தாங்கவேண்டிய சுமையையும் அவர்கள் பிறேக்கின் தலையிலே கட்டுகிறார்கள். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அந்தக் கியரிலேயே இறங்குவது பழைய லொறிச் சாரதிகளின் முறை. எந்த டிஸ்க்கும் அதற்கு ஈடாகாது.

மாணவன் முன்னால் டிஸ்க்கும், எங்கும் புது எண்ணெயும் இட்டுக்கொண்டான். சென்ற மாதம் என்னையும் ஏற்றிக்கொண்டு வெல்லவாய வரை இறங்கினான். இராவணா எல்ல நீர்வீழ்ச்சியருகே நிறுத்தியபோது, பக்கத்தில் நின்ற வான் ஒன்றின் சக்கரங்களிலிருந்து லைனர் கருகிய மணம் வந்தது. அதன் சாரதி போத்தலில் நீர் மொண்டுவந்து சூடான டிரம்மில் ஊற்ற முனைந்தார். டிரம் வெடித்துவிடக்கூடும் என்று சொல்லித் தடுத்தோம். அரைமணி நேரம் நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பின்னர் இரண்டாம் கியரில், எங்களுக்கு முன்னால், மெதுவாக இறங்கிப் போனார்.