கணினிவழித் தேர்வு

கணினிவழித் தேர்வு என்பது அச்சிட்ட வினாத்தாளும் விடைத்தாளும் இன்றி, கணினித் திரையில் வினாக்களைக் காட்டி, தேர்வர் அளிக்கும் விடைகளைக் கணினியிலேயே பதிவு செய்யும் தேர்வு முறையாகும். இது தேர்வு மையத்தில் கண்காணிப்பாளர் முன்னிலையிலோ, இணையம் வழியாகத் தேர்வரின் வீட்டிலோ நடத்தப்படலாம். இம்முறையில் வழங்கும் சில கலைச்சொற்கள் தேர்வரின் தரவரிசையை நேரடியாகப் பாதிப்பவை.

வரலாறு

அமெரிக்காவில் செவிலியர் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் 1994ஆம் ஆண்டிலும், மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் 1997ஆம் ஆண்டிலும் கணினி முறைக்கு மாறின. இந்தியாவில் இந்திய மேலாண்மைக் கழகங்களின் பொதுச் சேர்க்கைத் தேர்வு (கேட்) 2009 முதல் கணினிவழி நடத்தப்படுகிறது. 2017இல் தோற்றுவிக்கப்பட்ட தேசியத் தேர்வு முகமை, 2019 முதல் பொறியியல் படிப்புக்கான கூட்டு நுழைவுத் தேர்வை (ஜே.இ.இ. முதன்மை) நடத்தி வருகிறது. 2021 முதல் இத்தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம்.

கலைச்சொற்கள்

வினா வங்கி: பாடம், கடினநிலை ஆகியவற்றின்படி வகைப்படுத்திச் சேமிக்கப்பட்ட வினாக்களின் தொகுப்பு. இதிலிருந்து பல வினாத்தாள்களை உருவாக்கலாம்.

அமர்வு: ஒரே வினாத்தாளைக் கொண்டு ஒரே நேரத்தில் நடைபெறும் தேர்வு வேளை. தேர்வர் தொகை, கிடைக்கும் கணினிகளின் எண்ணிக்கையைவிட மிகுதியாக இருக்கும்போது தேர்வு பல அமர்வுகளாகப் பிரிக்கப்படுகிறது.

வினாநிலைப் பலகை: ஒவ்வொரு வினாவின் நிலையையும் நிறத்தால் காட்டும் திரைப்பகுதி. பார்க்காதவை, விடையளிக்காதவை, விடையளித்தவை, மறுபார்வைக்குக் குறித்தவை, விடையளித்து மறுபார்வைக்குக் குறித்தவை என ஐந்து நிலைகள் உள்ளன. ஜே.இ.இ. முதன்மைத் தேர்வில் கடைசியாகக் கூறப்பட்ட நிலையில் உள்ள விடையும் மதிப்பிடப்படும். விடையைத் தெரிவு செய்தால் மட்டும் போதாது. அதைச் சேமிக்கவும் வேண்டும்.

எதிர்மதிப்பெண்: தவறான விடைக்குக் கழிக்கப்படும் மதிப்பெண். ஜே.இ.இ. முதன்மைத் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண் வழங்கப்படும்; தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைக்கப்படும்.

தற்காலிக விடைக்குறிப்பு: தேர்வு முடிந்தபின் முதலில் வெளியிடப்படும் விடைப்பட்டியல். இதில் பிழை இருப்பதாகக் கருதும் தேர்வர், கட்டணம் செலுத்தி மறுப்புத் தெரிவிக்கலாம். வல்லுநர்கள் ஆராய்ந்தபின் இறுதி விடைக்குறிப்பு வெளியாகும்.

தகவமைவுத் தேர்வு: தேர்வர் அளிக்கும் விடைகளுக்கு ஏற்ப அடுத்து வரும் வினாக்களின் கடினநிலை மாறும் தேர்வு. என்கிளெக்ஸ் ஒவ்வொரு வினாவுக்குப் பின்னும் இவ்வாறு மாறுகிறது. எண்ணிம வடிவிலான எஸ்.ஏ.டி. தேர்வு (பிற நாடுகளில் 2023 முதல், அமெரிக்காவில் 2024 முதல்) ஒரு தொகுதி முடிந்தபின் மாறுகிறது.

இயல்பாக்கம்

வெவ்வேறு அமர்வுகளின் வினாத்தாள்கள் கடினநிலையில் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. எனவே தேர்வர் பெற்ற மூல மதிப்பெண்களை அப்படியே ஒப்பிடாமல், பொது அளவுகோலுக்கு மாற்றுவது இயல்பாக்கம் எனப்படும். தேசியத் தேர்வு முகமை இதற்கு நூற்றுமானத்தைப் பயன்படுத்துகிறது. ஓர் அமர்வில் குறிப்பிட்ட தேர்வரின் மதிப்பெண்ணையோ அதற்குக் குறைவாகவோ பெற்றவர்களின் எண்ணிக்கையை, அவ்வமர்வில் தேர்வெழுதிய மொத்தத் தொகையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் நூற்றுமானம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, இரு அமர்வுகளில் தலா 40,000 பேர் எழுதியதாகக் கொள்வோம். கடினமான முதல் அமர்வில் 180 மதிப்பெண்ணோ அதற்குக் குறைவாகவோ பெற்றவர்கள் 39,200 பேர் எனில், 180 பெற்றவரின் நூற்றுமானம் 98 ஆகும். எளிதான இரண்டாம் அமர்வில் அவ்வெண்ணிக்கை 38,000 எனில், அதே 180 மதிப்பெண்ணுக்கு நூற்றுமானம் 95 ஆகும். நூற்றுமானம் என்பது விழுக்காடு அன்று. 98 நூற்றுமானம் பெற்றவர் நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார் என்று பொருள்படாது.

திறனாய்வு

எல்லா அமர்வுகளிலும் தேர்வர்களின் திறன் சராசரியாக ஒத்திருக்கும் என்ற எடுகோளின் மீதே இக்கணிப்பு அமைந்துள்ளது. தேர்வர்கள் பெருந்தொகையினராகவும், எழுமாற்றாகப் பிரிக்கப்பட்டவர்களாகவும் இருந்தால் இவ்வெடுகோள் பெரும்பாலும் பொருந்தும். சிறிய அமர்வுகளில் பிழை மிகும். 2024இல் மருத்துவ முதுநிலைப் படிப்புக்கான நீட் தேர்வு இரு அமர்வுகளாக நடத்தப்பட்டபோது இது சர்ச்சைக்குள்ளானது. இரு அமர்வு முறை தேர்வர்களுக்குச் சமவாய்ப்பு அளிக்காது எனக் கருதிய இந்திய உச்சநீதிமன்றம், 2025ஆம் ஆண்டுத் தேர்வை ஒரே அமர்வில் நடத்துமாறு அவ்வாண்டு மே மாதம் ஆணையிட்டது. கூடுதல் மையங்களை ஏற்பாடு செய்வதற்காகத் தள்ளிவைக்கப்பட்ட அத்தேர்வு, 2025 ஆகஸ்ட் 3 அன்று ஒரே அமர்வாக நடைபெற்றது.